கழற்றினால் நான்கையும் கழற்றுங்கள்

கேள்வி: காரைக்குடியில் அப்பா நடத்திய போட்டோ ஸ்டூடியோவை இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் 2019-இல் அசெம்பிள் செய்தது, ஒன்பதாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 10 ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கிறது. கல்யாணப் படங்கள் எல்லாம் நான்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் சேர்ந்த ரெய்டு 5-இல், ஈ டிரைவாக இருக்கின்றன. ஏறக்குறைய 6 டிபி நிரம்பிவிட்டது. எஸ்எஸ்டி அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறது; விண்டோஸ் 10-க்கு அப்டேட்டும் நின்றுவிட்டது. புதிதாக 1 டிபி என்விஎம்இ (மதர்போர்டிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டி) வாங்கி வைத்திருக்கிறோம். அதில் விண்டோஸ் 11 போடும்போது படங்கள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அசெம்பிள் செய்து கொடுத்தவர், "ரெய்டு இருக்கே, ஒண்ணும் ஆகாது" என்கிறார். தை முகூர்த்தங்களுக்கு முன் முடிக்க வேண்டும். எப்படிச் செய்வது?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் பயப்படுவது நியாயம்தான். அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், மனம் கொஞ்சம் லேசாகும்.

உங்கள் ரெய்டு பற்றிய விவரம் சி டிரைவில் இல்லை. எந்தெந்த டிஸ்க் இந்தக் கூட்டில் சேர்ந்தவை, எது முதலாவது, எது நான்காவது, தரவை எத்தனை கேபி துண்டுகளாகப் பிரித்து எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் இன்டெல் ரெய்டு அந்தந்த டிஸ்க்கின் கடைசி செக்டர்களில் எழுதி வைத்திருக்கிறது. நான்கு டிஸ்க்கிலும் அந்தக் குறிப்பு உண்டு. அதனால் விண்டோஸை மாற்றினாலும், பழைய எஸ்எஸ்டியையே தூக்கி எறிந்தாலும், நான்கும் ஒன்றாக வந்து நின்றால் பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) அவற்றை அடையாளம் கண்டு பழையபடி ஒரே டிரைவாகக் காட்டும். புதிய விண்டோஸில் ரெய்டைத் திரும்ப 'உருவாக்க' வேண்டிய வேலையே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது "கிரியேட் கொடுங்க" என்று சொன்னால், கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அவர் சொல்லாமல் விட்ட மறுபாதி இது. ரெய்டு 5 ஒரு டிஸ்க் சாவதைத் தாங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றிக் கட்டுரை எழுதியதே, விலை குறைந்த டிஸ்க்குகளைச் சேர்த்து வேலை வாங்கும்போது அதில் ஒன்று போனாலும் தரவு தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான். மனிதக் கை செய்யும் தவறை அது தடுக்காது. ஃபார்மேட் என்று நீங்கள் சொன்னால் நான்கு டிஸ்க்கும் சேர்ந்து அதை நிறைவேற்றும். விண்டோஸ் மாற்றும் நாளில் டிஸ்க் சாவதற்கான வாய்ப்பு மற்ற நாட்களைப் போலத்தான். கை தவறுவதற்கான வாய்ப்புத்தான் அன்றைக்குப் பல மடங்கு கூடுகிறது.

எனக்கே அப்படி ஒருமுறை கை தவறியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் அச்சகத்தில் இதே போல நான்கு டிஸ்க் ரெய்டு 5. விண்டோஸை மாற்றப் போனேன். மதர்போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர் 2032 பேட்டரி செத்துக் கிடந்தது எனக்குத் தெரியாது. பவர் கேபிளை உருவி மாட்டியதும் பயாஸ் தன் பழைய அமைப்பையெல்லாம் மறந்து, ஹார்ட் டிஸ்க்குகளை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் சாட்டா மோடை, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு (ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியாகக் காட்டும் மோட்) தானாக மாற்றிக்கொண்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. விண்டோஸ் போட்டு முடித்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தேன். நான்கு டிஸ்க்கும் தனித்தனியாக வந்து நின்றன. கூடவே ஒரு சின்னப் பெட்டி: டிஸ்க்கை 'இனிஷியலைஸ்' செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று ஒரு வரி, டிஸ்க் பெயர்களுக்கு எதிரே ஏற்கெனவே டிக் போட்ட கட்டங்கள், கீழே ஓகே. பத்து வருடப் பழக்கத்தில் விரல் ஓகேயை அழுத்திவிட்டது. ஒரு விநாடிதான்.

அந்த ஒரு விநாடியில் விண்டோஸ் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு புதிய பகிர்வு அட்டவணையையும் (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்), கடைசி செக்டர்களில் அதன் நகலையும் எழுதிவிட்டது. ரெய்டின் குறிப்பு இருந்த அதே இடம். மோடைத் திரும்ப ரெய்டாக்கியபோது பயாஸ் திரையில் ஒன்றும் இல்லை. படங்கள், டிசைன்கள் எல்லாம் டிஸ்க்கில்தான் இருந்தன. அவற்றை எந்த வரிசையில் கோர்ப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நான்கு டிஸ்க்கை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். துண்டின் அளவு 64 கேபியா, 128 கேபியா, பாரிட்டி (ஒரு டிஸ்க் போனால் அதை மீட்க உதவும் கணக்கு) எந்தத் திசையில் சுற்றுகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பெரும்பகுதியை மீட்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அச்சக உரிமையாளர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. காலையில் வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை நகல். எஸ்எஸ்டி எவ்வளவு தடுமாறினாலும் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். ஒரு 8 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். விண்டோஸில் அது 7.2 டிபி என்று காட்டும், குறைபாடு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ரெய்டே 12 டிபி, ஆனால் 10.9 என்றுதான் காட்டுகிறது, அதே கணக்குத்தான். செலவாகிறதே என்று தோன்றும். ஏழு வருடத்துக் கல்யாணங்களை யாரும் திரும்ப நடத்திக் காட்டப் போவதில்லை. இந்த ஒரு செலவில் மட்டும் என்னோடு வாதாடாதீர்கள்.

6 டிபி நகலாக, விநாடிக்கு 150 எம்பி வேகம் சீராகக் கிடைத்தாலே பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சின்னச் சின்ன ஜேபெக் ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும். ஓர் இரவும் மறுநாள் பகலும் ஒதுக்குங்கள். இழுத்துப் போட்டு நகல் எடுத்தால் நடுவில் ஒரு ஃபைல் படிக்க முடியாமல் போனதும் அங்கேயே கேள்வி கேட்டு நின்றுவிடும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகல் கருவியைப் பயன்படுத்தினால், நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எது நகலாகவில்லை என்று பதிவும் வைக்கும். ஒரு எச்சரிக்கை: அதில் 'மிர்' என்ற சுவிட்ச் உண்டு. மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்திலிருந்து அழித்து இரண்டையும் ஒன்றாக்கும். மூலமும் சேருமிடமும் இடம் மாறிவிட்டால் அது வெற்று டிஸ்க்கைப் போலவே உங்கள் ரெய்டையும் வெறுமையாக்கிவிடும். அதைத் தொடவே வேண்டாம்.

நகல் முடிந்ததும் வெளி டிஸ்க்கை வேறொரு லேப்டாப்பில் மாட்டி, 2019-இல் ஒரு கல்யாணம், நடுவில் இரண்டு, கடைசியாக எடுத்தது ஒன்று என்று ரா ஃபைல்களைத் திறந்து பாருங்கள். ஃபோல்டர் பெயர் தெரிவது போதாது, படம் முழுதாகத் திறக்க வேண்டும்.

அப்புறம் ரெய்டின் உடல்நிலை. இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி மென்பொருளைத் திறந்து வால்யூமின் (நான்கும் சேர்ந்த அந்த ஒரே டிரைவின்) நிலை 'நார்மல்' என்று இருக்கிறதா பாருங்கள். 'டிகிரேடட்' என்றிருந்தால் விண்டோஸ் வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு, கெட்ட டிஸ்க்கை மாற்றி ரீபில்டு (மாற்றிய டிஸ்க்கில் தரவைத் திரும்ப எழுதுவது) முடித்துவிட்டு வாருங்கள். நார்மல் என்றால் அந்தத் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: ரெய்டு வகை, துண்டின் அளவு, ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண், எந்த போர்ட்டில் இருக்கிறது என்பது வரை. பயாஸுக்குள் போய் சாட்டா மோட் எப்படி இருக்கிறது என்றும் ஒரு படம். அச்சகத்தில் என்னிடம் இந்த இரண்டு படங்கள் இருந்திருந்தால் நான்கு நாள் வேலை ஒரு மதியத்தில் முடிந்திருக்கும். கையோடு அந்தச் சின்ன பேட்டரியையும் புதிதாக மாற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் எல்லாவற்றையும் மறக்கும் என்பதால், டிஸ்க்குகளுக்குப் பவர் இல்லாத நேரத்தில் மாற்றி, உடனே பயாஸுக்குள் போய்ப் படத்தைப் பார்த்து மோடைத் திரும்ப ரெய்டாக வையுங்கள்.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒன்று. மதர்போர்டின் கையேட்டை எடுத்து, புதிய என்விஎம்இயைச் செருகும் இடமான எம்.2 ஸ்லாட் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைச் செருகினால் ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றோ இரண்டோ வேலை செய்யாமல் போய்விடும். இரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். அந்த போர்ட்டில் உங்கள் ரெய்டு டிஸ்க் ஒன்று இருந்தால், புதிய டிரைவைச் செருகியதுமே கூட்டில் ஓர் ஆள் காணாமல் போய்விடும். ஒன்று என்றால் ரெய்டு 5 தாங்கும். இரண்டு என்றால் வால்யூமே எழாது. ஸ்லாட்டை மாற்றுவதோ, அந்த டிஸ்க்கை வேறு போர்ட்டுக்கு நகர்த்துவதோ முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். கம்ப்யூட்டரை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கை எடுத்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி விடுங்கள். பெட்டியைத் திறந்து நான்கு ஹார்ட் டிஸ்க்குக்கும் போகும் பவர் கேபிளை உருவுங்கள். டேட்டா கேபிளைத் தொட வேண்டாம். போர்ட் வரிசை மாறாமல் அப்படியே இருக்கும், பழைய சாட்டா கேபிளின் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்துபோகும் அபாயமும் இல்லை. நான்கையும் கழற்ற வேண்டும், அல்லது நான்கும் இருக்க வேண்டும். மூன்றை மட்டும் கழற்றியோ, ஒன்றில் பிளக் சரியாக உட்காராமலோ கம்ப்யூட்டரை ஆன் செய்தால், இருக்கிற டிஸ்க்குகளில் 'கூட்டில் ஆள் குறைகிறது' என்று ரெய்டு எழுதிக்கொள்ளக் கூடும். ஒன்று மட்டும் விடுபட்டிருந்தால், பிறகு அது வந்து சேர்ந்தாலும் பழைய ஆளாக அதை ஏற்காமல் மணிக்கணக்கில் ரீபில்டு ஓடலாம். நான்கும் ஒன்றாக விலகியிருந்தால் எழுதிக்கொள்ள எந்த டிஸ்க்கும் அங்கே இல்லை. நான்கும் ஒன்றாக வரும்போது எதுவும் நடக்காதது போல எழுந்து நிற்கும்.

பழைய எஸ்எஸ்டியையும் கழற்றிவிடுங்கள். அதை மாட்டிய நிலையில் விண்டோஸைப் போட்டால், பூட் ஃபைல்களைப் பழைய எஸ்எஸ்டியில் ஏற்கெனவே இருக்கும் பூட் பகிர்விலேயே எழுதிவிடக் கூடும். ஆறு மாதம் கழித்து அதை எடுத்தால் கம்ப்யூட்டர் எழாது, காரணமும் பிடிபடாது. ஆக, விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது பெட்டிக்குள் புதிய என்விஎம்இ மட்டும்தான். எந்த டிரைவில் போடுவது என்று கேட்கும் திரையில், இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவ் தெரிந்தாலும், ரெய்டு டிஸ்க்கோ பழைய எஸ்எஸ்டியோ இருக்காது. படங்களைத் தவறாக அழிக்க வழியே இல்லை. எந்த மென்பொருளும் தராத பாதுகாப்பு அந்த உருவிய கேபிள்களில் கிடைக்கிறது.

இன்ஸ்டால் முடிந்ததும், டிஸ்க்குகளை மாட்டும் முன்பே, இன்டெல் ரெய்டு டிரைவரைப் போட்டுவிடுங்கள். விண்டோஸிலேயே ஒரு டிரைவர் பெரும்பாலும் வந்துவிடும் என்றாலும், உங்கள் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று கொடுத்திருப்பதை முன்னதாகவே பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. புதியது என்பதற்காக வேறு தலைமுறைக்கான டிரைவரை எடுத்துவிடாதீர்கள்.

பிறகு அணைத்து, நான்கு பவர் பிளக்கையும் உள்ளே சரியாக உட்காரும்வரை அழுத்தி மாட்டி, ஆன் செய்ததும் நேராக பயாஸுக்குப் போங்கள். ரெய்டு வால்யூம், 'நார்மல்', நான்கு உறுப்பினர். இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விண்டோஸுக்குள் போக வேண்டும். வால்யூமே தெரியவில்லை என்றால் முதலில் சாட்டா மோடைப் பாருங்கள். அந்தத் திரையில் 'டெலிட் வால்யூம்', 'ரீசெட் டு நான்-ரெய்டு' என்றெல்லாம் இருக்கும். இரண்டாவது பெயர் ஏதோ சாதாரண ரீசெட் மாதிரி ஒலிக்கும். டிஸ்க்கிலிருக்கும் ரெய்டு குறிப்பைத் துடைப்பதுதான் அதன் வேலை. மூன்று டிஸ்க்தான் தெரிகிறது என்றால் பதறாதீர்கள், அணைத்துவிட்டு பிளக்கையும் எம்.2 அட்டவணையையும் மறுபடி பாருங்கள். ரீபில்டு ஓட வேண்டியிருந்தாலும் உங்கள் கையில் நகல் இருக்கிறது.

விண்டோஸுக்குள் போனதும் இனிஷியலைஸ் பெட்டி வந்தால், கேன்சல். நார்மல் நிலையில் இருக்கும் ரெய்டுக்கு அந்தப் பெட்டி வரவே கூடாது. வருகிறதென்றால் எங்கோ தவறு இருக்கிறது, அணைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

எல்லாம் சரியாக வந்துவிட்டால் மீதி சின்னச் சின்ன வேலைகள். ரெய்டுக்கு டி என்று வேறு எழுத்து விழுந்திருக்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் அதைத் திரும்ப ஈ ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் காணோம் என்று சொல்லும். லைட்ரூம் என்றதும் ஒன்று: அதன் கேட்டலாக் வழக்கமாக சி டிரைவில் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள்தான் இருக்கும். படங்கள் ரெய்டில் பத்திரமாக இருந்தாலும், நீங்களும் தம்பியும் செய்த கலர் திருத்தங்கள், ரேட்டிங் எல்லாம் அந்தப் பழைய எஸ்எஸ்டியில்தான் கிடக்கின்றன. அதையும் முதல் நகலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய எஸ்எஸ்டியை அழிக்காமல் இரண்டு மாதமாவது பீரோவில் வையுங்கள். ஆல்பம் டிசைன் மென்பொருளின் லைசென்ஸோ, டெஸ்க்டாப்பில் மறந்துவிட்ட ஃபோல்டரோ, ஏதாவது ஒன்று பிறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போடும்போது டிரைவ் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடலாம். செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற இடத்தைப் பாருங்கள். இயங்கியிருந்தால் அதற்கான 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, கல்லாப்பெட்டியில் அல்ல, வீட்டில் வையுங்கள். சாவி இல்லாமல் பூட்டிக்கொண்ட டிரைவை நானும் திறக்க முடியாது, யாராலும் முடியாது.

இதே கேள்வியை லினக்ஸ் வைத்திருப்பவர்களும் கேட்பார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வரி: லினக்ஸின் சொந்த ரெய்டான எம்டி ரெய்டிலும் குறிப்பு டிஸ்க்கிலேயே இருக்கிறது. புதிய லினக்ஸில் 'அசெம்பிள்' செய்தால் போதும், 'கிரியேட்' ஒருபோதும் கூடாது. பெயர் எம்டி 127 என்று மாறி வந்தால் பயப்பட வேண்டியதில்லை, தரவு அதேதான். தனி ரெய்டு கார்டு வைத்திருப்பவர்களுக்கு 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்று வரலாம். அதை 'இம்போர்ட்' செய்ய வேண்டும், 'கிளியர்' அல்ல.

சகோதரி, உங்களுக்கு நேரம் நன்றாக அமைந்திருக்கிறது. மார்கழியில் கல்யாணம் இல்லை. கேமரா மெமரி கார்டுகளைக் கொண்டுவந்து கொட்ட யாரும் வரமாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடை மூடும்போது நகலைத் தொடங்கினால் ஞாயிறு காலை பெட்டியைத் திறக்கலாம். தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கை வைக்க, இன்னொருவர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கட்டும். வாசித்த பிறகுதான் அழுத்துவது. அன்றைக்கு அச்சகத்தில் என் பக்கத்தில் யாராவது அந்தச் சின்னப் பெட்டியை உரக்கப் படித்திருந்தால் என் விரல் நின்றிருக்கும்.

பெட்டியைத் திறக்கும் முன், மதர்போர்டு மாடலையும் கையேட்டில் அந்த எம்.2 பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த ஸ்லாட்டில் செருகலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.